உஷார்! கப்பலை விட்டு இறங்கும் காலையில்தான் வில்லங்கம்

"மூணு ராத்திரி கப்பல், ரெண்டு நாள் சிங்கப்பூர், அப்புறம் ஃப்ளைட் ஏறுனா ஊருங்க." டிராவல்ஸ்காரர் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். கப்பலின் நீச்சல் குளத்துக்குப் படம் உண்டு, பஃபேவுக்குப் படம் உண்டு. அந்த "ரெண்டு நாள் சிங்கப்பூர்" பற்றி நோட்டீஸில் ஒரு வரிக்கு மேல் இருக்காது. நாமும் கேட்பதில்லை. போர்வெல் ரிக் வண்டிக்கு லோன் வாங்கும்போது பத்திரத்தின் கடைசிப் பக்கம் வரை படிக்கிற திருச்செங்கோட்டுக்காரர், டூர் என்றதும் போட்டோவைப் பார்த்தே அட்வான்ஸை நீட்டிவிடுகிறார்.

மாட்டிக்கொள்வது அந்த ரெண்டு நாளில்தான். கப்பலுக்குள் இருக்கிறவரை சாப்பாடும் படுக்கையும் கப்பல்காரன் பொறுப்பு. இறங்கிய நிமிஷத்திலிருந்து எல்லாம் உங்கள் தலையில். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. "திரும்பி வந்துட்டோம்" என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சிங்கப்பூர் அரசாங்கத்தின் கணக்கில் நீங்கள் புதிதாக உள்ளே நுழைகிறீர்கள். பினாங்கு போய் வந்தாலும் சரி, புக்கெட் போய் வந்தாலும் சரி, துறைமுகத்தில் குடிநுழைவும் சுங்கமும் முதலிலிருந்து ஆரம்பம். இது தெரியாதவருக்குத்தான் கீழே உள்ளதெல்லாம் வரிசையாக நடக்கும்.

உஷார் 1: விசாவில் எத்தனை நுழைவு?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். விமானத்தில் போய் இறங்குவது ஒரு நுழைவு. கப்பல் முடிந்து துறைமுகத்தில் இறங்குவது இரண்டாவது நுழைவு. கையில் இருப்பது சிங்கிள் என்ட்ரி விசா என்றால் முதல் நுழைவிலேயே அதன் கதை முடிந்தது. விசாத் தாள் வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண்ணோடு 'மல்டிபிள்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஐந்து தாளையும் பாருங்கள். அப்பாவுக்கு மல்டிபிள் வந்தது என்பதற்காகப் பாட்டிக்கும் வந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. துபாயில் ஏறி மஸ்கட், தோஹா சுற்றி மறுபடி துபாயில் இறங்கும் கப்பலுக்கும் பல நுழைவு விசா வேண்டும். பார்சிலோனாவில் ஏறி, ஐரோப்பாவின் ஷெங்கன் விசா எல்லைக்கு வெளியே உள்ள துறைமுகத்தைத் தொட்டுத் திரும்பும் கப்பலுக்கும் அதே கதைதான்.

வழியில் வரும் நாடுகளையும் விடாதீர்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. ஆனால் அதன் டிஜிட்டல் வருகை அட்டை தனி. தாய்லாந்தும் 2025 மே 1 முதல் டிஜிட்டல் அட்டையைக் கட்டாயமாக்கிவிட்டது. விசாச் சலுகைகள் அடிக்கடி மாறுகிறவை. போன வருஷம் போய்வந்த மச்சான் சொன்னதை வைத்துக் கிளம்ப வேண்டாம். கிளம்பும் வாரத்தில் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உஷார் 2: யாருடைய மின்னஞ்சல்?

சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் 'எஸ்ஜி அரைவல் கார்டு' நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். காசு கிடையாது. காசு கேட்கிற இணையதளம் எதுவானாலும் அது அரசாங்கத்தின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். விமானத்தில் போகும்போது ஒரு அட்டை, கப்பலிலிருந்து திரும்பும்போது இன்னொரு அட்டை. முதல் அட்டையை ஏஜென்டே நிரப்பித் தந்துவிடுவார். இரண்டாவதை நிரப்ப வேண்டிய நாளில் நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள். கப்பலில் வைஃபைக்குத் தனிக் காசு. நடுவில் ஏதாவது துறைமுகத்தில் இறங்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

அட்டையில் மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள். சிங்கப்பூர் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற இ-பாஸ் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஏஜென்ட் தன் முகவரியைப் போட்டுவிட்டால், உங்கள் அனுமதிச் சீட்டு இங்கே திருச்செங்கோடு வேலூர் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கும். நீங்கள் அங்கே வெறுங்கையோடு நிற்பீர்கள். உங்கள் முகவரியையோ, போனில் மெயில் பார்க்கத் தெரிந்த மகன், மகள் முகவரியையோ கொடுங்கள்.

உஷார் 3: கப்பலே புறப்படாமல் போகலாம்

கப்பல், விமானம், ஓட்டல் மூன்றையும் தனித்தனியாக வாங்கினால் மூன்றும் மூன்று ஒப்பந்தம். ஒன்று சரிந்தால் மற்ற இரண்டும் காத்திருக்காது.

கற்பனை இல்லை, நடந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து 2025 டிசம்பர் 15-ல் கிளம்ப வேண்டிய 'டிஸ்னி அட்வென்ச்சர்' கப்பலின் முதல் பயணம், கப்பல் கட்டி முடியாததால் 2026 மார்ச் 10-க்குத் தள்ளிப்போனது. பள்ளி அரையாண்டு விடுமுறையை நம்பித் தேதி வைத்தவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கு முன் 2022 ஜனவரியில் ஜெண்டிங் ஹாங்காங் நிறுவனம் நொடித்துப்போய், மார்ச் தொடக்கத்தோடு அதன் 'வேர்ல்டு ட்ரீம்' கப்பலின் சிங்கப்பூர்ப் பயணங்கள் நின்றன. நம் நாட்டிலும் அதே ஜனவரியில், கோவா போன 'கார்டீலியா' கப்பலில் 66 பேருக்குக் கொரோனா என்று தெரிந்ததும் கப்பலை மும்பைக்கே திருப்பி அனுப்பினார்கள். கோவாவில் ரூம் போட்டிருந்தவர்களின் ரூம் காலியாகத்தான் கிடந்திருக்கும்.

எனவே ஓட்டலை, கடைசி நாள் வரை ரத்து செய்யும் வசதியோடு போடுங்கள். நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. விமான டிக்கெட்டில் தேதி மாற்ற என்ன கட்டணம் என்று வாங்கும்போதே கேளுங்கள். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால் கப்பல் பயணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் இறங்கும் அதே நாளில் விமானம் போடவே போடாதீர்கள். காற்று, மழை, கப்பலில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று எது வந்தாலும் துறைமுகம் சேர நேரமாகும். நகரத்தில் ஓர் இரவாவது தங்குவதற்கு ஊர் சுற்றுவது இரண்டாவது காரணம்தான். இந்தத் தாமதத்துக்கு இடம் விடுவதே முதல் காரணம்.

உஷார் 4: காலை எட்டு மணிக்குத் தெருவில்

கடைசி இரவு பெட்டிகளில் சீட்டு ஒட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். கப்பல் ஆட்கள் எடுத்துப் போய்விடுவார்கள். பாஸ்போர்ட்டையும் சர்க்கரை மாத்திரையையும் அதற்குள் போட்டு அனுப்பிவிட்டுக் காலையில் தவிக்காதீர்கள். மறுநாள் உடுத்த வேண்டிய துணிகூட அதிலேயே போய்விடுவதுண்டு. சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதைத் திரும்ப வாங்கும் நேரமும் இடமும் எது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறியதிலிருந்தே போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். நடுக்கடலில் கப்பலுக்கென்று ஒரு செல்போன் நெட்வொர்க் உண்டு. சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லாது. போன் தானாக அதில் இணைந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் வந்த நாலு வீடியோவுக்கு ஆயிரக்கணக்கில் பில் வரும்.

காலை ஏழு, எட்டு மணிக்கே இறக்கிவிட ஆரம்பிப்பார்கள். ஓட்டலில் ரூம் சாவி கிடைப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. நடுவில் ஆறு மணி நேரம் வயதானவர்களையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? பெட்டியை மட்டும் முன்னாலேயே வாங்கி வைப்பார்களா என்று ஓட்டலுக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எந்த முனையம் என்பதையும் கேளுங்கள். சிங்கப்பூரில் இரண்டு இருக்கின்றன. பெரிய கப்பல்கள் வருவது 2012-ல் திறந்த மரினா பே குரூஸ் சென்டருக்கு. அதற்கு மெட்ரோ மரினா சவுத் பியர் நிலையம். லிட்டில் இந்தியா போக தோபி காட்டில் மாற வேண்டும். இன்னொன்று ஹார்பர்ஃபிரன்ட்; அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில். ஐந்து பேர், ஏழு பெட்டி என்றால் சாதாரண டாக்ஸியில் அடங்காது. பெரிய வண்டிக்குக் கட்டணமும் பெரிது.

உஷார் 5: "வீட்லயே தங்கிக்கலாம், பாதி ரேட்டு"

ரூம் வாடகை உச்சத்தில் இருக்கும் ஃபார்முலா 1 பந்தய வாரத்திலும் வருஷக் கடைசியிலும் இந்த வலை நன்றாகவே விரியும். "நம்மூர்க்காரர் ஃபிளாட்டுங்க, தமிழ் ஆளு, ரெண்டு நாளைக்கு இவ்வளவுதான்" என்பார்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். அரசின் எச்டிபி அடுக்குமாடி என்றால் குறைந்தது ஆறு மாதம். சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாக இருப்பது வேறு. காசு கொடுத்து இரண்டு நாள் தங்குவது வேறு. அதிகாரிகள் கதவைத் தட்டினால் நடுராத்திரியில் பெட்டியோடு வெளியே நிற்பது நீங்கள்தான். கொடுத்த காசைக் கேட்க ரசீதும் இருக்காது.

உஷார் 6: பையில் என்ன இருக்கிறது?

ஊரிலிருந்து விமானத்தில் போகும்போது பயந்து பயந்து பையைப் பார்ப்போம். கப்பலிலிருந்து இறங்கும்போது அந்தப் பயம் விட்டுப்போயிருக்கும். சுங்கம் அப்போதும் அதே சுங்கம்தான்.

ஹான்ஸ், குட்கா, வாயில் போடும் புகையிலை எதுவானாலும் சிங்கப்பூரில் தடை. வேப் கருவி வைத்திருந்தாலே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை இன்னும் கடுமை. சிகரெட்டுக்கு வரிச் சலுகை கிடையாது. ஒரு பாக்கெட் இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். கப்பல் கடையில் 'ட்யூட்டி ஃப்ரீ' என்று வாங்கிய மது பாட்டிலை நம்பாதீர்கள். வரிச் சலுகை கிடைக்க, சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தால் அந்தச் சலுகையே இல்லை. பினாங்கு போய்த் திரும்பும் கப்பல் எந்தக் கணக்கில் வரும் என்று யோசியுங்கள்.

கொங்கு வீட்டுச் சமையலுக்கு ஒரு தனி எச்சரிக்கை: கசகசா. அங்கே அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. கசகசா அரைத்த குருமாப் பொடியைப் பாசத்தோடு கட்டிக்கொடுக்கும் அம்மாவிடம் நயமாக மறுத்துவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு முன் அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையையும் கொண்டுபோகாதீர்கள்.

லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு பொது இடத்தில் பாட்டிலைத் திறக்கக் கூடாது. 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பின் 2015-ல் வந்த சட்டம் இது. மற்ற நாளிலும் இரவு 10.30-க்கு மேல் ஊர் முழுக்கத் தடை.

உஷார் 7: கடைசி ராத்திரி

நம் பஞ்சாங்கத்தில் விடிந்தால்தான் அடுத்த நாள். விமானக் கம்பெனிக்கு நள்ளிரவு 12 அடித்ததும் அடுத்த நாள். டிக்கெட்டில் 16-ம் தேதி 00.40 என்று இருந்தால் 15-ம் தேதி இரவு ஒன்பது, பத்து மணிக்கே சாங்கி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 16-ம் தேதி இரவு போய் நின்று, போன விமானத்தை நினைத்துப் புலம்பிப் பயனில்லை. நள்ளிரவுக்கு மேல் டாக்ஸிக்கு 50 சதவீதம் கூடுதல் என்பதும் நினைவிருக்கட்டும்.

லிட்டில் இந்தியாவின் செரங்கூன் ரோட்டு நகைக்கடை கண்ணைப் பறிக்கும். வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்து திரும்புகிறவருக்குத்தான் இந்தியச் சுங்கத்தில் நகைச் சலுகை. ஆறு நாள் போனவருக்கு அது இல்லை. வாங்கினால் சொல்லி வரி கட்டுங்கள். விமான நிலைய வரிசையில், "அண்ணா, தமிழ் ஆளா இருக்கீங்க, இந்தச் சின்னப் பார்சலைத் திருச்சியில என் தம்பிகிட்டக் கொடுத்துடுங்க" என்று யாராவது நீட்டினால், வாங்கவே வாங்காதீர்கள். கூலிக்குக் கடத்தும் குருவிகள் சோதனையில் பிடிபடாமல் தப்பிக்கும் வழி இதுதான். உள்ளே தங்கம் இருந்தால் வழக்கு உங்கள் மேல். போதைப்பொருள் இருந்து அந்த ஊரிலேயே பிடிபட்டால் உயிரே போகும்; 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் சிங்கப்பூர்ச் சட்டத்தில் மரண தண்டனை.

விடியற்காலை திருச்சியிலோ கோவையிலோ இறங்கி ஊருக்குக் கார் ஏறுகிறவர்கள், ராத்திரி தூங்கி எழுந்த டிரைவரை அனுப்பச் சொல்லுங்கள். நாமக்கல் ரோட்டில் அந்த நேரம் லாரிகளின் நேரம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஏஜென்டிடம் ஐந்து கேள்வி கேளுங்கள்: விசா மல்டிபிளா? திரும்பும்போது வருகை அட்டையை நிரப்புவது யார்? எந்த முனையம், எத்தனை மணிக்கு இறங்குவோம்? ஓட்டலின் பெயர் என்ன, சாவி எப்போது? கப்பல் ரத்தானால் எது எது திரும்ப வரும்? ஐந்துக்கும் பதிலை அவருடைய லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற ஏஜென்டிடம் உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.