ஐம்பதுக்குக் கீழே இருந்தால் இருபது போடு

கோபோல் மொழியில் எழுதிய ப்ரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் 80 கட்டங்கள். பஞ்ச் கார்டு காலத்திலிருந்து வந்த கணக்கு அது. முதல் ஆறு கட்டம் வரிசை எண்ணுக்கு. ஏழாவது கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் அந்த வரியைக் கணினி கண்டுகொள்ளாது. மனிதர் படிப்பதற்கு மட்டுமே அது அங்கே இருக்கும். 1990-களின் பிற்பாதியில் சென்னையில் உட்கார்ந்து ஒய்2கே வேலை, அதாவது ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த ப்ரோகிராம்கள் 2000-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளாதபடி திருத்தும் வேலை, பார்த்த இளைஞர்கள் திரும்பத் திரும்பச் செய்தது இதைத்தான். பழைய வரிக்கு ஏழாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரம், அதன் கீழே புதிய வரி, ஓரத்தில் மாற்றத்துக்கான அடையாள எண். பல இடங்களில் அந்தப் புதிய வரி சொன்னது இவ்வளவே: ஆண்டு ஐம்பதுக்குக் கீழே இருந்தால் முன்னால் இருபது போடு, இல்லாவிட்டால் பத்தொன்பது போடு.

2000-ஆம் ஆண்டு பெரிய சேதாரமில்லாமல் பிறந்ததில் அந்த வரிக்குப் பெரும் பங்கு உண்டு. கால் நூற்றாண்டு கழித்து நாம் கவலைப்பட வேண்டியதும் அந்த வரியைப் பற்றித்தான்.

ஒய்2கே வெறும் பூச்சாண்டி என்ற பேச்சு 2000 பிறந்த சில நாட்களிலேயே கிளம்பிவிட்டது. விமானம் விழவில்லை, மின்சாரம் நிற்கவில்லை, ஆகவே பிரச்சினையே இருந்ததில்லை என்று இன்றும் படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். என்னால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. 1999 டிசம்பர் 28 அன்றே பிரிட்டனில் கடைகளிலிருந்த கார்டு தேய்க்கும் இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் மக்கர் செய்தன. அவை சில நாட்களை முன்னோக்கிப் பார்த்துக் கணக்கைச் சரிபார்ப்பவை; அந்த முன்னோட்டம் 2000-க்குள் போய் விழுந்தது. நியூயார்க் மாநிலத்தில் வீடியோ கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவருக்கு நூறு ஆண்டு தாமதத்துக்கான கட்டணமாக 91,250 டாலர் பில் வந்தது. ஆஸ்திரேலியாவின் இரண்டு மாநிலங்களில் பேருந்து டிக்கெட்டைச் சரிபார்க்கும் இயந்திரங்கள் வேலை செய்யவில்லை. ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சைக் கண்காணிக்கும் கருவி நள்ளிரவு தாண்டியதும் செயலிழந்தது.

இவை சில்லறை விஷயங்கள் என்றே வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் ஷெஃபீல்டு நகரில் நடந்தது சில்லறை விஷயம் இல்லை. கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனையோடு அவர்கள் வயதையும் சேர்த்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் கணினி அங்கே இருந்தது. 2000 ஜனவரியிலிருந்து அது தாய்மாரின் வயதைத் தப்பாகப் போட்டது. வயது தப்பினால் வாய்ப்புக் கணக்கும் தப்பும். 150-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்ற பொருளில் தவறான முடிவு போனது. நான்கு கர்ப்பங்களில் குறைபாடு தெரியாமலே போயிற்று. திரை அணையவில்லை, எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. தேதிப் பிழையின் குணமே இதுதான். இயந்திரத்தை நிறுத்துவதைவிட, ஓடவிட்டபடியே தப்பான விடையைக் கொடுப்பதுதான் அதற்குப் பழக்கம்.

அதிகம் செலவழிக்காத நாடுகளும் தப்பித்தனவே என்று இத்தாலியையும் தென்கொரியாவையும் காட்டுகிறவர்கள் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் மெயின்ஃப்ரேம் எனும் பெரிய கணினிகளின் முப்பது ஆண்டுச் சுமையோடு நின்ற அமெரிக்க வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த உதாரணம் பொருந்தாது.

சென்னைக்கு வருவோம். நியூயார்க்கில் நள்ளிரவு 12 மணி என்றால் இங்கே காலை பத்தரை. அங்கே புரோகிராமர்கள் தூங்கும் நேரம் இங்கே முழு வேலை நாள். அங்கே பகலில் நெரிசலில் தவிக்கும் மெயின்ஃப்ரேமை இங்கிருந்தே செயற்கைக்கோள் இணைப்பு வழியே தொட முடிந்தது. மெயின்ஃப்ரேம் கோர்ஸ் நடத்தும் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. மெக்கானிக்கல் படித்தவர், சிவில் படித்தவர், இயற்பியல் முதுகலை முடித்தவர் என்று எல்லோரும் கோபோலும், மெயின்ஃப்ரேமில் வேலைகளை ஓட்டும் ஜேசிஎல்லும் கற்றார்கள். 1998-இல் அமெரிக்கா தன் எச்1பி விசா வரம்பை 65,000-லிருந்து 1,15,000-ஆக உயர்த்தியது. அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் வரிசை நீண்டது. இந்தக் கதையெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

முதல் வேலை தேடல். டேட் என்றும் ஒய்ஒய் என்றும் பெயர் வைத்த ஃபீல்டுகள் எளிதில் சிக்கிவிடும். பெயரில் தேதியின் வாடையே இல்லாதவைதான் பாடாய்ப் படுத்தும். பாலிசி எண்ணின் நடு இரண்டு இலக்கம் ஆண்டாக இருக்கும். ரசீது எண்ணின் தலையில் ஆண்டு ஒளிந்திருக்கும். அதை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். சோர்ஸ் கோடே தொலைந்து, ஓடுகிற வடிவம் மட்டும் மிஞ்சிய ப்ரோகிராம்களும் இருந்தன. அவற்றில் என்ன இருக்கிறது என்று அவை போடும் அறிக்கைகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

காந்த டேப்புகளின் கதையைக் கேளுங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் காலாவதித் தேதி ஒன்று கொடுப்பார்கள். அது கடந்ததும் டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தலாம். மெயின்ஃப்ரேம் உலகில் அந்தத் தேதியை ஆண்டுக்கு இரண்டு இலக்கம், நாளுக்கு மூன்று இலக்கம் என்று எழுதுவது வழக்கம். எக்காலத்துக்கும் அழிக்கக் கூடாத டேப் என்றால் 99365 என்று போட்டுவிடுவார்கள். 99-ஆம் ஆண்டின் 365-ஆம் நாள், அதாவது 1999 டிசம்பர் 31. போட்டவருக்கு அது என்றென்றைக்கும் என்று அர்த்தம். அந்த நாள் நிஜமாகவே வந்தால், ஒரு நிறுவனம் உயிரைப்போல் காத்த ஆவணங்களெல்லாம் மறுநாள் காலை காலி டேப்பாகக் கணக்கில் வந்துவிடக்கூடும். இதையும் ஒருவர் தேடிக் கண்டுபிடித்து மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்தது திருத்தம். ஆண்டை நான்கு இலக்கமாக விரிப்பதுதான் முறையான வைத்தியம். ஆனால் 200 எழுத்து நீளமுள்ள ஒரு ரெக்கார்டில் தேதி ஆறு இலக்கத்திலிருந்து எட்டாக வளர்ந்தால் ரெக்கார்டு 202 ஆகிவிடும். அந்த ஃபைலை அறுபது ப்ரோகிராம்கள் படிக்கின்றன என்றால், அறுபதையும் ஒரே இரவில் மாற்ற வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அது இரண்டு எழுத்து தள்ளிப் படிக்கும். பெயர் இருக்கும் இடத்தில் தொகை வரும். பழைய ஃபைல்களையெல்லாம் வேறு புதிய நீளத்துக்கு மாற்றியாக வேண்டும். கெடு நகராத கெடு. எனவே ஃபைலைத் தொடாமல், படிக்கும் இடத்தில் மட்டும் ஊகிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுதான் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் இருபது.

நம் பஞ்சாங்கத்தில் இந்த ஊகம் காலங்காலமாக உண்டு. தாது வருஷம் 1876-இலும் வந்தது, 1936-இலும் வந்தது, 1996-இலும் வந்தது. ஆனால் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி சொன்னால், எந்த தாது என்று கேட்பவருக்குக் குழப்பமே இல்லை. கணினிக்கு அந்தப் பாட்டியும் இல்லை, ஊர்ப் பேச்சும் இல்லை. அதற்கு ஒரு எல்லைக்கோடு வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது?

இங்கேதான் விவகாரம். 1935-இல் பிறந்த ஓய்வூதியரும் 2035-இல் முடியும் வீட்டுக் கடனும் ஒரே கணினியில் இருந்தால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு கோடு கிடையாது. இரண்டுமே 35. ஆகவே பிறந்த தேதிக்கு ஒரு கோடு, கடன் முடியும் தேதிக்கு வேறு கோடு. ஒரு குழு 20 என்று வைத்தது, இன்னொன்று 30, மற்றொன்று 50. யூனிக்ஸ் வழிவந்தவற்றில் 68 வரை 2000-களில் சேரும். எதுவும் தப்பில்லை, அன்றைக்குக் கையிலிருந்த தரவுக்கு எது பொருந்தியதோ அதை வைத்தார்கள். வேறு சிலர் இன்னும் துணிச்சலான வழியை எடுத்தார்கள். 28 ஆண்டுக்கு ஒருமுறை நாளும் கிழமையும் லீப் ஆண்டும் அப்படியே திரும்பி வருவதால், தேதியில் 28-ஐக் கழித்து, 2000-ஐ 1972 என்று கணினியை நம்பவைத்தார்கள். வெளியே அனுப்பும்போது 28-ஐத் திரும்பக் கூட்டிக்கொள்வார்கள்.

பிறகு டெஸ்டிங். தனியாக ஒதுக்கிய இயந்திரத்தில் கடிகாரத்தை 1999 டிசம்பர் 31 இரவு 11.59-க்குத் தள்ளிவிட்டுக் காத்திருப்பார்கள். அடுத்து 2000 பிப்ரவரி 28, அடுத்து 29. நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு இல்லை என்ற விதியை மட்டும் தெரிந்துகொண்டு, நானூறால் வகுபட்டால் உண்டு என்ற விதிவிலக்கை மறந்த ப்ரோகிராம்கள் அங்கே மாட்டும். கடைசியாக 2000 டிசம்பர் 31, அந்த ஆண்டின் 366-ஆம் நாள். கடிகாரத்தை முன்னே தள்ளியதும் பாஸ்வேர்டுகள் காலாவதியாகும், சாஃப்ட்வேர் உரிமங்கள் காலாவதியாகும். அவற்றை மீட்டுவிட்டுத்தான் டெஸ்டிங்கே தொடங்க முடியும்.

1999 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை நம் நேரப்படி மாலை நாலரை மணிக்கு நியூசிலாந்தில் புத்தாண்டு பிறந்தது. அங்கே விளக்கு எரிகிறது என்ற செய்தி வந்ததும் உலகெங்கும் கணினி அறைகளில் ஒரு பெருமூச்சு. ஊரே பட்டாசு வெடித்த நள்ளிரவில் சென்னை அலுவலகங்களில் காவலிருந்தவர்களுக்கு வேலை முடியவில்லை. அவர்கள் திருத்திய இயந்திரங்கள் இருந்த ஊருக்கு நள்ளிரவு வர மறுநாள் காலை பத்தரை ஆயிற்று.

அதற்குப் பின் என்ன ஆயிற்று? ஒப்பந்தம் முடிந்தது. ப்ரோகிராம்கள் அவற்றின் சொந்தக்காரர்களிடம் போயின. பிள்ளைகள் ஜாவாவுக்கும் இணையத்துக்கும் மாறினார்கள். ஒய்2கே ஆள் என்ற பெயர் பயோடேட்டாவுக்கு அழகில்லை என்று அதை அழுத்திச் சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. எந்த ப்ரோகிராமில் எந்தக் கோடு என்ற பட்டியலை, வேலையைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் பத்திரப்படுத்தினார்கள்? எனக்கு இதுதான் பயம். அன்று கோட்டை வைத்தவர்கள் அதை நிரந்தரம் என்று நினைக்கவில்லை. சில ஆண்டுகளில் இந்தப் பழைய கணினிகளையே தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் வைத்தார்கள். 1960-களில் இரண்டு இலக்கம் போட்டவர்களும் இதையேதான் நம்பினார்கள்.

தூக்கி எறியவில்லை. 2020-இல் கொரோனா வந்து வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி மாநிலத்தில் கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். நம் வங்கிகளில் பல பின்னாளில் புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டன என்பது உண்மை. ஆனால் பழைய மென்பொருளிலிருந்து தரவை எடுத்துப் புதியதில் ஊற்றும்போது இரண்டு இலக்க ஆண்டை நான்காக்கியதும் ஏதோ ஒரு கோட்டை வைத்துத்தான். அன்று தப்பு நடந்திருந்தால் அது இன்று நான்கு இலக்கத்தில், பார்ப்பதற்கு முழுச் சரியாகவே இருக்கும்.

நம் மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பல கணினிகளில் விரிதாளைத் திறந்து 1/1/29 என்று அடித்தால் 2029 என்று எடுத்துக்கொள்ளும். 1/1/30 என்று அடித்தால் 1930. வீட்டுக் கடன் தவணை அட்டவணையை இப்படி இரண்டு இலக்கத்தில் அடித்து வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

2038 ஜனவரி 19 பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டே வரும் 32 பிட் கணக்கு அன்று நம் நேரப்படி காலை 8.44-க்கு நிரம்பி வழியும். அது ஒரே நாள், ஒரே நொடி. பத்திரிகைக்குத் தலைப்பு கிடைக்கும், அரசுகள் குழு போடும், 64 பிட்டுக்கு மாறும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. நான் அஞ்சுவது அதற்கு முன்னும் பின்னும் சிதறிக் கிடக்கும் தேதிகளை. 28-ஐக் கழித்து ஓட்டியவற்றில் ஏதேனும் இன்னும் உயிரோடு இருந்தால், அதற்கு 1999 டிசம்பர் 31 வரப்போவது 2027 டிசம்பர் 31 அன்று. அதுவும் வெள்ளிக்கிழமையே. 30-இல் கோடு வைத்தவற்றுக்கு 2030. ஐம்பதில் வைத்தவற்றுக்கு 2050; அதிலும் முப்பது ஆண்டுக் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு அது 2020-இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி நள்ளிரவு. இதற்கு உலகளாவிய கெடு கிடையாது, நியூசிலாந்திலிருந்து முன்கூட்டிச் செய்தியும் வராது. ஷெஃபீல்டில் நடந்ததுபோல், எங்கோ ஒரு விடை தப்பாகி, யாரோ ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்கும் வரை ஓடிக்கொண்டேயிருக்கும்.

செய்ய முடியாத வேலை இல்லை இது. ஏழாவது கட்டத்து நட்சத்திரங்கள் பல இடங்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஓரத்து அடையாள எண்ணை வைத்துத் தேடினால் திருத்தங்கள் வரிசையாகக் கிடைக்கும். எந்த ப்ரோகிராம், எந்த ஃபீல்டு, எந்த எண் எல்லை, எந்த ஆண்டில் அது முடிகிறது என்று நான்கு பத்தியில் ஒரு பதிவேடு போதும். அன்று 22, 23 வயதில் அந்த வரிகளை எழுதியவர்கள் இப்போது ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். பலர் இன்னும் இதே துறையில் மேலாளர்களாக இருக்கிறார்கள். பழைய மெயின்ஃப்ரேமை இன்றும் பராமரிக்கும் சென்னை ஓஎம்ஆர் சாலை அலுவலகங்கள் அந்தப் பதிவேட்டை இந்த ஆண்டே தொடங்க வேண்டும், 28-ஐக் கழித்தவற்றிலிருந்து.