கல்யாணப் பதிவில் ஏறாத தொழில்

1957-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கல்யாணம். பதிவில் தொழிலைக் குறிப்பிட வேண்டும். மாப்பிள்ளை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ‘புரோகிராமர்’ என்றார். அப்படியொரு தொழிலே கிடையாது என்று நகராட்சியில் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று எழுதினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மணப்பெண் ரியா பார்த்த வேலைக்கு டச்சு மொழியில் பெயர் இருந்தது. ‘ரேக்கன்மெய்ஷே’, அதாவது கணக்குப் பெண். 1946-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய கணித மையத்தில், வான் வைங்கார்டனின் கணக்கீட்டுத் துறையில் இந்த இளம்பெண்கள்தான் ‘கம்ப்யூட்டர்’. மேஜைக் கணக்குப் பொறியின் முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டினார்கள்.

அவர்கள் சுமையைக் குறைக்க அதே மையத்தின் ஸ்கோல்டனும் லோப்ஸ்ட்ராவும் ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சுகளைக் கோத்து ‘அர்ரா’ என்ற இயந்திரத்தைக் கட்டினார்கள். 1952 ஜூனில் பிரமுகர்கள் முன்னிலையில் அது தாறுமாறான எண்களின் அட்டவணை ஒன்றை அச்சிட்டுக் காட்டியது. நல்ல தந்திரம்தான், தாறுமாறு எண்ணில் தப்பு எது, சரி எது என்று யார் கண்டார்கள்? அதற்குப் பிறகு அது உருப்படியாக எதுவும் செய்யவில்லை. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய பிளாவ் வந்து சேர்ந்த பிறகு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இயந்திரத்தைப் புதிதாகவே கட்டினார்கள். 1953 இறுதியில் இரண்டாவது அர்ரா ஓடியது. ஃபோக்கர் விமானங்களின் இறக்கை அதிர்வுக் கணக்குகள் அதில்தான் போடப்பட்டன.

1956-ல் அடுத்த இயந்திரம், ‘அர்மாக்’. திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குப் புரிகிற கணக்கு ஒன்று தேவைப்பட்டது. ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறுக்கு வழி எது? ரியாவோடு கடைவீதிக்குப் போய்க் களைத்து, காபிக்கடையில் உட்கார்ந்தபோது, அதே மையத்தில் புரோகிராமராக இருந்த டைக்ஸ்ட்ரா விடை கண்டார். தாளும் பேனாவும் இல்லாமல், இருபதே நிமிடத்தில். விழாவில் காட்ட 64 ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். ஊருக்கு ஆறு பிட் போதும் என்பதால். வழிகாட்டி மென்பொருள்கள் பலவற்றுக்கும் அந்தக் காபிக்கடைக் கணக்குதான் மூலம்.

பெயர் சூட்டுவதில் டச்சுக்காரர்கள் குசும்பர்கள். பிலிப்ஸ் நிறுவனத்தின் ‘பாஸ்கல்’ இயந்திரத்தின் பெயரை அறிஞர் பாஸ்கலின் நினைவாக வைத்ததென்று நினைப்போம். விரித்தால், ‘பிலிப்ஸின் படுபயங்கர வேகக் கணிப்பான்’!

நாம் ‘கணினி’ என்று சொல் கண்டோம். அவர்கள் ‘கம்ப்யூட்டர்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அர்ரா காலத்தில் அறையை அடைத்துக்கொண்டு நின்றவற்றை அழைத்த ‘ரேக்கன்மஷீன்’ என்ற சொல், இன்று பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருக்கும் கால்குலேட்டரைக் குறிக்கிறது.