பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டர் வாங்கப் போகிறீர்களா?
பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்பூல் டேப் ரிக்கார்டர்!

ஒரு காலத்தில் இது ஒரு வீட்டில் இருந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். கல்யாண வீட்டு நாதசுவரம், மார்கழி பஜனை, பாட்டியின் தாலாட்டு எல்லாம் அதன் இரண்டு சக்கரங்களில் சுற்றிச் சுற்றிப் பதிவாயின.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி காசெட்டைக் கொண்டு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் காசெட் வந்ததும், பெரிய ஸ்பூல் மிஷின்கள் மெல்ல மெல்லப் பரணுக்குப் போயின. இன்று அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் மறுபடியும் கிளம்பியிருக்கிறார்கள்.

அந்தமானின் போர்ட் பிளேர் நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயரில் வழங்குகிறது. அங்கே மின்னி பேயில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவோ தொழிலாளியோ இந்த மிஷினை வாங்க நினைத்தால், சென்னைவாசியைவிட இரு மடங்கு எச்சரிக்கை வேண்டும். சென்னையில் மிஷின் நின்றுவிட்டால் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வரலாம். மின்னி பேயில் நின்றுவிட்டால் நடுவில் சுமார் 1,190 கிலோமீட்டர் கடல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம்!

முதல் கேள்வி

எதற்காக வாங்குகிறீர்கள்? இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இன்று வீட்டில் மகள் பாடும் பாட்டைப் பதிய வேண்டும், அவ்வளவுதான் என்றால் கையில் இருக்கும் செல்போனே போதும்.

ஸ்பூலின் நாதம்தான் வேண்டும் என்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. காசெட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் வினாடிக்கு 4.75 சென்டிமீட்டர். ஸ்பூல் நாடாவின் அகலம் 6.3 மில்லிமீட்டர், வேகம் 19 சென்டிமீட்டரும் உண்டு. நாடா அகலமாகவும் வேகமாகவும் ஓடினால் ஓசை நிறைவாகப் பதியும், இரைச்சல் குறையும்.

மூன்றாவது வகையினர் வீட்டில் பழைய நாடாக்கள் வைத்திருப்பவர்கள். மிஷின் உண்மையிலேயே தேவைப்படுவது இவர்களுக்குத்தான். மறைந்துபோன ஒருவரின் குரல் அந்த டப்பாவுக்குள் இருக்கலாம். மிஷின் இல்லாமல் அதைக் கேட்க வழியில்லை.

முதுகைப் பாருங்கள்

மிஷினின் முன்பக்கம் பளபளப்பாகத்தான் இருக்கும். திருப்பி, பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்.

சென்னை பாரிமுனை அருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் பர்மா பஜார் தொடங்கியது. வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் என்றால் அந்தக் காலத்தில் பலரும் தேடிப் போன இடம் அது. க்ரண்டிக், பிலிப்ஸ், அகாய், சோனி என்று பல நாட்டுச் சரக்குகள் இப்படி இந்தியாவுக்கு வந்தன. ஆனால் எல்லா நாட்டு மின்சாரமும் ஒன்றல்ல. நம் நாட்டில் 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சைக்கிள். ஜப்பானில் 100 வோல்ட். அங்கே ஒரு பாதியில் 50 சைக்கிள், மறு பாதியில் 60.

வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் போதும். சைக்கிளை அது மாற்றாது. 60 சைக்கிளுக்கென்றே செய்த மோட்டார்களில் பல, நம் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும்!

ஏமாறுவது இங்கேதான். கடையில் நம் குரலைப் பதிந்து அதே மிஷினில் போட்டுக் காட்டினால் இந்தக் குறை தெரியாது. பதியும்போதும் மெதுவாக ஓடுகிறது, பாடும்போதும் மெதுவாக ஓடுகிறது; சரியாகவே கேட்கும். வீட்டுக்கு வந்து பழைய நாடாவைப் போட்டதும்தான் குட்டு வெளிப்படும். ஆகவே, நன்கு தெரிந்த பாட்டுள்ள நாடா ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று போட்டுக் கேளுங்கள்.

ஓட்டிப் பாருங்கள்

நாதசுவரமோ ஆர்மோனியமோ ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். சுரம் அலைபாய்ந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும். அல்லது நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை கெட்டித்துப் போயிருக்கும். இவற்றை மாற்றிவிடலாம்; அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

அடுத்து, நாடா உரசிச் செல்லும் 'ஹெட்'. அதன் முகத்தில் நகத்தால் லேசாகத் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஜால்ரா ஓசை மழுங்கிக் கேட்பதும் ஓர் அடையாளம். வெறும் அழுக்கானால் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்ததும் சரியாகிவிடும். தேய்மானமானால் மாற்று ஹெட் கிடைப்பது கடினம். அந்த மிஷினை விட்டுவிடுவதே நல்லது.

வேகமாக முன்னும் பின்னும் ஓட்டி, சட்டென்று நிறுத்துங்கள். நாடா தொங்கிச் சிக்கினால் பிரேக் சரியில்லை. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நாடா அறுபடும் அபாயம் உண்டு.

உங்களிடம் உள்ள நாடாக்கள் எந்த வேகத்தில், எத்தனை டிராக்கில் பதிந்தவை என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாலு டிராக் நாடாவை இரண்டு டிராக் மிஷினில் போட்டால், இந்தப் பக்கப் பாட்டோடு மறுபக்கப் பாட்டும் தலைகீழாகச் சேர்ந்து ஒலிக்கும்.

நாடாவுக்கும் கணக்கு உண்டு. 1,200 அடி நாடா, வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் 32 நிமிடம் ஓடும். பாதி வேகத்தில் 64 நிமிடம். புது நாடா பிரான்சிலும் அமெரிக்காவிலும் இன்றும் தயாராகிறது. ஆனால் விலை அதிகம். மிஷினுக்கு மட்டும் பணம் சேர்த்தால் போதாது.

உப்புக் காற்று

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றில் ஈரம், கடலோரத்தில் உப்பு. ஸ்விட்சுகளில் பச்சை பூக்கும். நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும்.

வெள்ளைப் பொடி படிந்த நாடாவை அப்படியே ஓட்டாதீர்கள். ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் பரவும். 1970, 80-களில் செய்த சில நாடாக்களில், மேற்பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. 'கிரீச்' என்று கத்தினால் உடனே நிறுத்திவிட வேண்டும். மேலும் ஓட்டினால் பூச்சு உரிந்து, பாட்டும் அதோடு போய்விடும்.

இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு நாடாவை வையுங்கள். ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலுள்ள காந்தம் பதிவைக் கெடுக்கும். மிஷினையும் மூடியே வைக்காமல் மாதம் ஒரு முறையாவது ஓட்டுங்கள்.

காலம் காத்திருக்காது

2019-ல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி-ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025-ஐ ஒட்டி, காந்த நாடாக்களைப் போட்டுக் கேட்பதே பெரும்பாலும் இயலாமல் போகலாம் என்றன. மிஷின்களும் உதிரி பாகங்களும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருவதே காரணம்.

அந்த ஆண்டும் வந்துவிட்டது. நல்ல மிஷின் கிடைத்தால், முதல் வேலையாகப் பழைய நாடாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் செல்போனைப் பிடித்துப் பதிய வேண்டாம். மிஷினின் 'லைன் அவுட்' துளையிலிருந்து நேராக ஒயர் கொடுங்கள். பதிவை இரண்டு இடங்களில் வையுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று டப்பாவின்மேல் எழுதிவையுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுவதானால், அதை இன்றைக்கே செய்துவிடுவது நல்லது.

சொந்தமாக மிஷின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். அல்லது ஊருக்குப் போகும்போது நாடாக்களைக் கையோடு கொண்டுபோய், மாற்றிக் கொடுப்பவரிடம் கொடுக்கலாம்.

மிஷின் போனால் இன்னொரு மிஷின் தேடலாம். தாத்தா பாடிய காவடிச் சிந்து ஒரே ஒரு நாடாவில்தான் இருக்கிறது.