மாடிப்படி ஏறிய கண்டக்டர்கள்

தொடர் – 6

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் மாரடைப்பு மரணங்கள் கூடிக்கொண்டே போயின. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவருக்கு, ஒருவர் செய்யும் தொழிலில் ஏதோ இருக்கக்கூடும் என்று பட்டது. 1949-ல் தன் குழுவோடு பல தொழிலாளர்களின் நோய்க் கணக்குகளைத் திரட்டத் தொடங்கினார். அதில் லண்டன் பஸ் ஊழியர்களின் கணக்குதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

லண்டனின் சிவப்பு நிற மாடி பஸ்ஸில் டிரைவருக்கு முன்னால் தனி அறை. ஏறி உட்கார்ந்தால், வேலை நேரத்தில் பெரும்பகுதி அங்கேயேதான். கண்டக்டருக்குப் பின்பக்கம் கதவில்லாத திறந்த மேடை. அங்கிருந்து மாடிக்கு வளைந்து ஏறும் குறுகலான படி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறும். தோளில் பணப்பை தொங்க அவர் மேலே போய் டிக்கெட் போட்டுவிட்டு இறங்குவார். அதற்குள் கீழே புதிதாக ஆள் ஏறியிருக்கும். இப்படி ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்!

இருவருக்கும் ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத் தரம். 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்களின் கணக்கு இது. முடிவுகள் 1953-ல் 'லான்செட்' இதழில் வெளியாயின. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயது கூடிய பிறகே வந்தது. அதில் உயிர் போவதும் குறைவு.

போக்குவரத்து நெரிசலில் வண்டி ஓட்டும் மன அழுத்தம்தான் டிரைவர்களைக் கொன்றதோ? மாரிஸ் தபால் துறையைப் பார்த்தார். நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொடுத்தவர்கள், அதே துறையில் உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களைவிட நன்றாக இருந்தார்கள். சரி, குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வந்தார்களோ? நிறுவனம் சீருடை தைத்துக் கொடுத்த அளவுகளை வாங்கி, கால்சட்டை இடுப்பளவை ஒப்பிட்டார். டிரைவர்களின் இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியோ பருமனோ, எந்த உடல்வாகிலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவு என்பது தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது. தன் மீதே இத்தனை சந்தேகப்பட்டு ஒவ்வொன்றையும் சரிபார்த்த இந்த நேர்மைக்காகவே மாரிஸை எனக்குப் பிடிக்கும். 2009-ல் அவர் இறந்தபோது வயது 99.

அந்தக் கண்டக்டர்களில் ஒருவர்கூட உடற்பயிற்சி என்று நினைத்துப் படி ஏறவில்லை. பிழைப்புக்காக ஏறினார்கள். எதற்காக ஏறினார்கள் என்று இதயம் கேட்கவில்லை. கால் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இது நடக்கிறது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

மனசுக்கும் இதே கதைதான். நார்வேயில் 33,908 பேரை 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உடலை அசைத்திருந்தால், புதிதாக வந்த மனச்சோர்வில் 12 சதவிகிதத்தைத் தடுத்திருக்கலாம் என்றது அது. மூச்சிரைக்க ஓட வேண்டும் என்றுகூட இல்லை. பதற்ற நோய்க்கு மட்டும் இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டையும் சேர்த்து எடுத்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2014-ல் வெளியானது. அதில் 54.4 சதவிகிதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர், முதல் மாடிக்கு லிஃப்ட், தயிர் பாக்கெட்டுக்குக்கூட டெலிவரி என்று நாமே நம் படிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். நடைப்பயிற்சிக்கு நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-ல் நீக்கிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும்.

எனக்கு அதிகக் கவலை வீட்டுப் பெரியவர்களைப் பற்றித்தான். "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று பாசத்தோடு அவர்கள் கையிலிருந்து துடைப்பத்தையும் பூக்கூடையையும் வாங்கிவிடுகிறோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, கீரை வாங்கி வருவது என எல்லாம் போய், மிச்சம் இருப்பது நாற்காலியும் டி.வி.யும். தசை சீக்கிரம் கரைகிறது. வீட்டில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்ற எண்ணம் மனசையும் அரிக்கிறது. மூட்டுவலியோ இதய நோயோ இருந்தால், எது கூடும், எது கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, அம்மா செய்ய விரும்பும் வேலையை அம்மாவே செய்யட்டும். தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

(அடுத்த வாரம்: இரவுச் சாப்பாட்டு நேரம்)