இரவல் காப்பும் சொந்தக் காப்பும்

பூனா கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்றொரு சந்து உண்டு. கன்னார்கள் நாளெல்லாம் செம்பு தட்டும் இடம். பாத்திர வியாபாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே போய்வருகிறேன். ஒருமுறை தகட்டு விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. வீட்டில் "மஞ்சள் வச்சா போதும்" என்றார்கள். டாக்டர் விடவில்லை, ஊசி போட்டார். அந்த ஊசி உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று அன்று படிக்கத் தொடங்கினேன்.

துருப்பிடித்த இரும்பு பட்டால் இரண ஜன்னி வரும் என்போம். குற்றம் துருவின் மேல் இல்லை. மண்ணிலும் சாணத்திலும் விதைபோல் உறங்கிக் கிடக்கும் கிருமிதான் காரணம். அதற்குக் காற்று ஆகாது. ஆழமான காயம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். உடம்பின் முதல் மதில் தோல். அது கிழிந்தால் வெள்ளணுக்கள் ஓடிவந்து கிருமியை விழுங்கும். ஆனால் இந்தக் கிருமி இருந்த இடத்தில் இருந்தபடியே நஞ்சைக் கக்குகிறது. நஞ்சு நரம்பு வழியே தண்டுவடம் ஏறினால் தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளையும். நஞ்சு நரம்பில் புகுமுன்பே அதைப் பிடித்துக் கட்ட வேண்டும். கட்டுவது எதிரணு என்னும் புரதம்.

வேடிக்கை என்னவென்றால், அம்மை வந்து பிழைத்தவனுக்கு அம்மை மறுபடி வராது. ஜன்னியில் பிழைத்தவனுக்கோ மறுபடியும் வரலாம். ஆளைக் கொல்லும் அளவு நஞ்சுகூட, உடம்பு பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளப் போதாது. அவ்வளவு துளி!

1890இல் பெர்லினில் பேரிங்கும் கிடசாட்டோவும் ஓர் உண்மையைக் கண்டார்கள்: நோய் எதிர்ப்புப் பெற்ற பிராணியின் சீரம் மற்றொன்றைக் காக்கும். பிறகு அந்த வேலை குதிரைகளின் தலையில் விழுந்தது. நம்மூர் பூனாவாலா பண்ணையின் வயதான குதிரைகள் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்தே சைரஸ் பூனாவாலா 1966இல் சீரம் இன்ஸ்டிடியூட்டை இங்கே தொடங்கினார். முதல் சரக்கே ஜன்னிக்கான குதிரைச் சீரம்தான்.

குதிரை தரும் எதிரணு கைமாற்று. சில வாரங்களில் தீர்ந்துபோகும். அந்நியச் சரக்கு என்பதால் சிலருக்குத் தடிப்பும் காய்ச்சலும் வரும். தடுப்பூசி அப்படியல்ல. ஃபார்மலினால் முறித்த நஞ்சைக் காட்டி, நம் அணுக்களையே எதிரணு செய்யப் பழக்குகிறது. அவற்றில் சில நினைவோடு தங்கிவிடும். கர்ப்பிணிக்குப் போட்டால் எதிரணு தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போகும். பச்சிளங்குழந்தை ஜன்னியை இந்தியா 2015இல் ஒழித்ததில் இதற்குப் பெரும்பங்கு.

சமணக் குடியில் பிறந்த எனக்குக் குதிரை ரத்தம் என்றதும் நெருடல்தான். உயிர் போவதில்லை, வாஸ்தவம்; துன்பம் துன்பமே. ஆனால் தடுப்பூசியை முறையாகப் போட்டுவந்தவனுக்குக் காயத்தின்போது சீரம் தேவைப்படுவதில்லை என்று படித்தபின் கணக்கு நேரானது.

பிள்ளைகளுக்குத் தவறாமல் போட்டுவிடுகிறோம். ஊரைவிட்டு வந்த பெரியவர்கள்தான் கடைசியாக எப்போது போட்டோம் என்றே மறந்துவிடுகிறோம். பத்து வருஷத்துக்கொருமுறை நினைவூட்டல் வேண்டும். என் கடைப் பையன்களுக்குப் போட்டாயிற்று. எனக்குத்தான் பதினோரு வருஷமாகிவிட்டது. வருகிற வாரம் போக வேண்டும்.