வெட்டு என்று எழுதப்படாத வெட்டு: காலனித் தோட்டங்களும் துணைத் திட்ட நிதியும்

ஒரு திட்டத்தின் நிதியைக் குறைக்கப்போவதாக எந்த அமைச்சரும் மேடையேறி அறிவிப்பதில்லை. சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும் நாளில் ஒரு தொகை சொல்லப்படுகிறது, கைதட்டலும் எழுகிறது. அடுத்த ஆண்டு ஆவணத்தில் ‘திருத்த மதிப்பீடு’ என்ற பத்தியில் அத்தொகை சுருங்கி நிற்கும். அதற்கும் அடுத்த ஆண்டு, ‘கணக்குகள்’ என்ற பத்தியில் உண்மையில் செலவானது எவ்வளவு என்பது தெரியவரும். அதற்குள் இரண்டு ஆண்டுகள் கடந்துவிடும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் காலனிகளில் பெண்கள் கூட்டாகக் காய்கறி பயிரிட அரசு என்ன செய்தது என்று கேட்க விரும்பும் நாம், முதலில் இந்த மூன்று பத்திகளையும் அருகருகே வைத்துப் படிக்கப் பழக வேண்டும்.

தோட்டம் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். கத்தரியும் வெண்டையும் கீரையும் போட நாலு பாத்தி இடம், ஒரு கிணறு அல்லது ஆழ்துளைக் குழாய், கால்நடை புகாமல் ஒரு வேலி. ஆனால் இந்த நாலு பாத்தி இடந்தான் நமது வட்டாரத்தில் நூறாண்டுக்கு மேலாக மறுக்கப்பட்டு வருகிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கை, பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலையையும், நிலம் கேட்டு அவர்கள் விண்ணப்பிக்கும்போது மிராசுதாரர்கள் குறுக்கே நின்றதையும் பதிவு செய்தது. தன் மனையே மிராசுதாரருடையது என்னும்போது கொல்லைப்புற முருங்கை மட்டும் எப்படித் தன்னுடையதாகும்? அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்தது. சென்னை மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் தொடர்ந்து முன்வைக்கும் கணக்கு. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்ற வேண்டும் என்ற நிபந்தனை இருந்தும் அந்நிலங்கள் போன வழி நாம் அறிந்ததே. மீட்கக் கேட்டதற்கு விலையாக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தனர். அவர்கள் கேட்ட காரணை நிலம் திண்டிவனத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றுபட்ட விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. மாநில அளவில் 20 விழுக்காடு. எனவே மாநிலத்தில் துணைத் திட்ட நிதி ஒரு ரூபாய் குறைந்தால் அதன் வலி நம் மாவட்டத்தில் சராசரியைவிடக் கூடுதலாகவே விழுகிறது.

நிதி எங்கே எழுதப்படுகிறது? மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்னும் சிறப்புக் கூறுகள் திட்டம் 1979–80இல் தொடங்கியது. பின்னர் பட்டியல் சாதியினர் துணைத் திட்டம் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் துணைத் திட்டம். இதற்கான செலவுகள் அரசுக் கணக்கில் 789 என்ற சிறு தலைப்பின் கீழும், பழங்குடியினருக்கானவை 796இன் கீழும் காட்டப்பட வேண்டும். பலரும் ஆதிதிராவிடர் நலத்துறையின் மானியக் கோரிக்கையாகிய 4ஆம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் தேடும் தோட்டப் பணம் 5ஆம் எண்ணில், அதாவது வேளாண்மைத் துறையில், 789 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

அங்கே ஒரு தந்திரத்தையும் காணலாம். எல்லோருக்குமான ஒரு மானியத் திட்டத்தின் செலவில் ஒரு பங்கை 789இல் எழுதிவிட்டால் காகிதத்தில் விகிதம் நிறைவேறிவிடுகிறது. சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் பெறச் சிட்டா, அடங்கல் வேண்டும். உழவர் சந்தையில் அடையாள அட்டை பெறவும் நில ஆவணம் வேண்டும். நிலமே இல்லாதவரின் பெயரால் எழுதப்பட்ட பணத்தை நிலமில்லாதவர் எப்படிப் பெறுவார்? 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு ஆவணத்தின் வழியே நடக்கும்போது, புறம்போக்கில் கீரை போட்டவரின் இழப்பு அதில் ஏறுவது அரிது.

இனி மடைமாற்றம். 2023–24இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 1,540 கோடி துணைத் திட்டத்திலிருந்து எடுக்கப்படுவதாக எழுந்த புகாரில் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசுக்கு அறிவிக்கை அனுப்பியது. பட்டியல் சாதிப் பெண்களும் பயனாளிகள்தாமே என்பது அரசுத் தரப்பின் வாதம். மாதம் ஆயிரம் ரூபாய் நம் தாய்மார்களுக்குத் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. அது எல்லாப் பெண்களுக்கும் குடிமக்கள் என்ற முறையில் கிடைக்க வேண்டியது, பொது நிதியிலிருந்தே வர வேண்டியது. மற்றவர்கள் பொதுப் பணத்திலிருந்து பெறுவதை நாம் மட்டும் நமது இழப்பீட்டிலிருந்து பெறுவது எந்த நீதி?

இது தமிழ்நாட்டின் தனி நோயுமன்று. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக இதே நிதியிலிருந்து 744 கோடி எடுக்கப்பட்டது. கர்நாடகம் 2013லேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம். எனினும் 2023இல் உத்தரவாதத் திட்டங்களுக்கென 11,000 கோடி அங்கே திருப்பப்பட்டது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நீண்டகாலக் கோரிக்கையின் வெற்றி அது. கர்நாடகத்தைப் பார்த்த பிறகும் சட்டம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று நம்புவோருக்கு நாம் என்ன சொல்வது?

காத்தவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். பஞ்சாபில் ஊராட்சிப் பொது விளைநிலத்தில் மூன்றிலொரு பங்கு பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்பது 1960களிலிருந்தே விதி. நடைமுறையில் பினாமி தலித் பெயரில் நில உடைமையாளரே ஏலம் எடுத்து வந்தனர். சங்ரூர் மாவட்டத்தில் 2014 முதல் நிலம் பெறும் போராட்டக் குழு, ஊருக்கு ஊர் தலித் குடும்பங்களைத் திரட்டிக் கூட்டாக ஏலம் எடுக்கச் செய்தது. பல ஊர்களில் தடியடி, வழக்கு, சமூகப் புறக்கணிப்பு. நிலம் கிடைத்த ஊர்களில் முதலில் மாறியது பெண்களின் நாள்தான்: மாட்டுக்குப் புல் அறுக்க இன்னொருவர் வரப்பில் வசைமொழி கேட்டு நிற்கும் நிலை முடிந்தது. நியூயார்க்கில் 1999இல் நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலத்தில் விற்க முயன்றபோதும், தன்னார்வலர்களின் எதிர்ப்பும், தொண்டு அமைப்புகள் அத்தோட்டங்களை விலைகொடுத்து வாங்கியதும் சேர்ந்தே அதை நிறுத்தின.

நம்மிடம் ‘ஊர்ப் பொது’ என்ற சொல்லே சந்தேகத்துக்குரியது. விழுப்புரம் அருகே மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவது மறுக்கப்பட்டு, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். பொதுக் கோயிலே அப்படியென்றால் பொதுக் குளத்து நீரும் பொதுத் தரிசும் எப்படிப் பங்கிடப்படும் என்று விளக்க வேண்டியதில்லை. கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம், 10 முதல் 15 ஏக்கர் தரிசுத் தொகுப்புகளைத் தேர்ந்து நீராதாரம் அமைத்துத் தருகிறது. அத்தொகுப்புகளில் காலனி மக்களின் நிலம் எத்தனை என்று ஒவ்வோர் ஊராட்சியிலும் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாம்தான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பலர் இதே காலனிகளிலிருந்து செல்லும் முதல் தலைமுறையினர். இரண்டு பேர் ஓர் ஊராட்சியை எடுத்துக்கொண்டால் போதும். கிராம நிர்வாக அலுவலரின் ‘அ’ பதிவேட்டில் நிபந்தனை நிலம், தரிசு, புறம்போக்கு எனக் குறிக்கப்பட்ட புல எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். 1979–87 நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல இடங்களில் பட்டாக்கள் பெயர் மாறியுள்ளன. ஆகவே பழைய பதிவேட்டின் நகலையும் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேள்வி பொதுப்படையாக இருந்தால் பதிலும் பொதுப்படையாகவே வரும். “789இன் கீழ் நம் ஒன்றியத்தில் தோட்டக்கலைக்கு வந்த தொகை எவ்வளவு, எந்தெந்தக் குக்கிராமத்தில் செலவானது” என்றே கேட்க வேண்டும். முதியவர்களிடம் நிலத்தின் பழைய பெயரைக் கேட்டு எழுதுங்கள்; பதிவேட்டில் அழிந்தது அவர்கள் நாவில் இருக்கும். திண்டிவனம் பகுதி இருளர் குடியிருப்புகளை விட்டுவிட வேண்டாம். அவர்களுக்குரியது 796.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலனிப் பெண்களுக்கான கூட்டுத் தோட்டத்துக்கு இன்ன புல எண்ணில் இவ்வளவு இடம், துணைத் திட்டத்திலிருந்து கிணறும் வேலியும் என்று ஒரே வாசகத்தில் தீர்மானம் எழுதி, தோட்டம் கேட்கும் பெண்களே அதைப் படிக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் பதிந்த பிறகு கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம்.