கையில டேப், பையில பில்!

ஹாஸ்டல் சாம்பாருக்கு டாட்டா காட்டிட்டு, நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கப் போறீங்களா? வாடகை, அட்வான்ஸ் போக மிச்சம் இருபதாயிரம்னு வெச்சுக்குவோம். கட்டில், மெத்தை, டேபிள், ஸ்கிரீன், பெயின்ட்னு எல்லாம் அதுக்குள்ள முடியணும். அப்பா அனுப்பின காசு பாஸ்! கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

அளந்துட்டுப் போங்க

கட்டில் சூப்பரா இருக்கலாம். வாசலுக்குள்ள நுழையணுமே! கதவு அகலம், மாடிப்படித் திருப்பம், ரூம் நீளம் மூணையும் அளந்து செல்லுல குறிச்சுக்குங்க. மெத்தை 72 இன்ச்லயும் வருது, 75 இன்ச்லயும் வருது. கட்டிலோட உள் அளவு தெரியாம போனா மூணு இன்ச் அந்தரத்துல தொங்கும். ரெடிமேட் ஸ்கிரீன்ல ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி உயரம். அகலத்துக்கு ஈஸியான ஃபார்முலா: ஜன்னல் அகலம் இன்ட்டு ரெண்டு. 4 அடி ஜன்னல்னா 4 அடி பீஸ் ரெண்டு. அப்பதான் மடிப்பு விழும். இல்லேன்னா கட்சி பேனர் கட்டின மாதிரி விறைச்சு நிற்கும்.

பளபளப்புல மயங்காதீங்க

டேபிளைக் கவிழ்த்து, ஓரத்தையும் ஸ்க்ரூ போட்ட இடத்தையும் பாருங்க. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தினது பார்ட்டிகிள் போர்டு. விலை கம்மிதான். ஆனா தண்ணி பட்டா உப்பிடும், கழட்டி மாட்டினா ஸ்க்ரூ பிடிக்காது. அடிக்கடி வீடு மாறுற நமக்கு இது பெரிய தலைவலி. ப்ளைவுட்ல சாதாவுக்கு ஐ.எஸ். 303, மெரைனுக்கு ஐ.எஸ். 710. 'இது மெரைன் தம்பி'ன்னு சொன்னா, 'நம்பர் எங்கண்ணே?'ன்னு கேளுங்க.

ரெண்டே வருஷத்துக்குன்னா செகண்ட் ஹேண்ட் கட்டில் போதும். இடுக்குல டார்ச் அடிச்சு மூட்டைப்பூச்சி இருக்கான்னு பார்த்துடுங்க. வாடகை கொடுக்காத அஞ்சாவது ரூம்மேட் அது! ஹாலுக்கு சோபாவுக்குப் பதிலா ஒரு பவானி ஜமக்காளம், கட்டிலுக்கு சென்னிமலை பெட்ஷீட். தீபாவளி சமயத்துல கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில வாங்கினா பர்ஸும் சிரிக்கும்.

பெயின்டர் கணக்கு

'சதுர அடிக்கு இவ்வளவு'ன்னா, எந்த சதுர அடி? பத்துக்குப் பத்து ரூமோட தரை 100 சதுர அடி. பத்தடி உயர சுவர் நாலும் 400. சீலிங்கையும் சேர்த்தா 500. ரேட் ஒண்ணுதான், பில் அஞ்சு மடங்கு! எத்தனை கோட்டு, பட்டி சேர்த்தா சேர்க்காமலா, பெயின்ட் யார் வாங்கறதுன்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க. எங்க சீனியர்கள் ஒருத்தரை நம்பி முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்தாங்க. பிரைமர் அடிச்ச மறுநாள் அவர் செல் ஸ்விட்ச்டு ஆஃப். அதனால ஆரம்பத்துல கொஞ்சம், பாதியில கொஞ்சம், முடிஞ்சதும் மிச்சம்.

இன்னொண்ணு... வண்ணம் மாத்தவும் சுவர்ல துளை போடவும் ஹவுஸ் ஓனர்கிட்ட வாட்ஸ்அப்ல ஓகே வாங்கிடுங்க. குடிபோற அன்னைக்கே சுவரை போட்டோ எடுத்து வைங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸைக் காப்பாத்தறது அதுதான்.

பில் முக்கியம்

'பில் வேணாம்னா வரி மிச்சம்'னு ஆசை காட்டுவாங்க. பில் இல்லேன்னா வாரன்ட்டி கேட்க முடியாது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ங்கற போர்டுக்கும் பயப்படாதீங்க. பொருள்ல குறை இருந்தா, பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் இல்லேன்னா 30 நாளுக்குள்ள, கடைக்காரர் திரும்ப எடுத்துக்கணும். மறுத்தா, 2019 நுகர்வோர் சட்டப்படி அது முறையற்ற வணிகம். முதல்ல 1915-க்கு போன் போடுங்க. அப்பவும் மசியலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமே இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போயிடணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு மச்சி... யார் எதுக்கு எவ்வளவு போட்டீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஃபைனல் இயர் முடிஞ்சு பெட்டி கட்டும்போது, ஒரு கட்டிலுக்காக நாலு வருஷ நட்பு உடையக் கூடாதில்ல!